இரண்டாம் ஆதியாகமம்

1975ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் அமெரிக்கப் பத்திரிகைக் கடைகளுக்கு ஒரு பருத்த படக்கதை இதழ் வந்து சேர்ந்தது. அட்டையோடு சேர்த்து 68 பக்கங்கள், விலை 50 சென்ட். பழைய வீரர்களின் உருவம் வரைந்த தாளைக் கிழித்துக்கொண்டு புதிய வீரர்கள் வாசகனை நோக்கிப் பாய்ந்து வருவதாக அட்டைப்படம். ‘ஜயன்ட்-சைஸ் எக்ஸ்-மென்’ என்ற வரிசையின் முதல் இதழ் அது. உள்ளே இருந்த புதிய கதைக்கு ‘செகண்ட் ஜெனிசிஸ்’ என்று பெயர். நம் விவிலிய வழக்கில் ‘இரண்டாம் ஆதியாகமம்’ என்று சொல்லலாம். பக்கங்களை நிரப்பப் பின்னால் பழைய கதைகளும் சேர்க்கப்பட்டிருந்தன. தன் தலைப்பின் கனத்தை அந்த இதழ் அப்போது உணர்ந்திருக்காது. ஆனால் அதைப் பிறகு படித்தவர்களும் அதன்மேல் எழுதியவர்களும் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக அந்தக் கனத்தைச் சுமந்து வந்திருக்கிறார்கள். மிக மெலிதான ஒரு கதை எப்படி இத்தனை உரைகளுக்கு இடம் தந்தது என்பதே இக்கட்டுரையில் நாம் பார்க்க விரும்புவது.

முதலில் சிறிது பின்னணி. 1963இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் மார்வெல் நிறுவனத்துக்காக ‘எக்ஸ்-மென்’ தொடரைத் தொடங்கினார்கள். பிறவியிலேயே அசாதாரண ஆற்றல் வாய்த்த இளைஞர்களுக்கு, மனத்தைப் படிக்கவல்ல பேராசிரியர் சேவியர் நியூயார்க் மாநிலத்து வெஸ்ட்செஸ்டரில் ஒரு பள்ளி நடத்துகிறார். மாணவர் ஐவர். ஐவருமே அமெரிக்கர், ஐவருமே வெள்ளையர். சேவியர் மார்ட்டின் லூதர் கிங்கின் உருவகம், பகைவன் மாக்னெட்டோ மால்கம் எக்ஸின் உருவகம் என்று இன்று எங்கும் எழுதப்படுகிறது. 1963இன் இதழ்களைப் படிப்பவர்களுக்கு அப்படி எதுவும் தென்படாது. அங்கே மாக்னெட்டோ உலகை ஆளத் துடிக்கும் சாதாரணக் கொடியவன்தான். உருவகங்கள் பெரும்பாலும் பின்னால் வந்தவர்கள் வைத்த நைவேத்தியம். ஒதுக்கப்பட்ட இனம் என்ற கரு விதையாக இருந்தது, விளைச்சல் இல்லை. 1970 மார்ச் தேதியிட்ட 66ஆம் இதழோடு புதிய கதைகள் நின்றன. அவ்வாண்டின் இறுதியில் தொடர் திரும்ப வந்தபோது பழைய கதைகளின் மறுபதிப்பாகவே வந்தது. 93ஆம் இதழ்வரை இதே நிலை. நாலரை ஆண்டு காலம் ஒரு பத்திரிகை தன் கையிருப்பைத் தானே தின்று உயிர் வாழ்ந்தது.

அதை மீட்கும் யோசனை கலை மனத்தில் உதித்ததன்று. அப்போது மார்வெலின் தலைவராக இருந்த அல் லாண்டாவ், தம் இதழ்கள் விற்பனையாகக்கூடிய அயல்நாடுகளிலிருந்து ஆளுக்கொருவராக எடுத்து ஒரு குழுவை அமைத்தால் அந்நாடுகளில் விற்பனை பெருகும் என்று கருதியதாக அன்றைய முதன்மை ஆசிரியர் ராய் தாமஸ் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1941இல் தொடங்கிய ‘பிளாக்ஹாக்’ என்ற போர்க்கால விமானிகளின் கதை தாமஸின் மனத்தில் முன்மாதிரியாக இருந்தது. பல நாட்டவர் ஒன்றாய்ப் போரிடும் கதை அது. தாமஸ் பதவி விலகினார், பொறுப்பு லென் வெய்னிடம் வந்தது, ஓவியர் டேவ் காக்ரம் உடன் சேர்ந்தார். வெய்னுக்கு அப்போது வயது 26, காக்ரமுக்கு 31.

இருவரும் தேர்ந்தெடுத்த நாடுகளைப் பார்த்தால் நமக்குச் சிரிப்பு வருகிறது. கென்யா, சோவியத் சைபீரியா, அரிசோனாவின் அப்பாச்சி ஒதுக்கிடம். வணிகத் தலைவர் மனத்தில் வைத்திருந்த சந்தைகளா இவை? சோவியத் ஒன்றியத்தில் மார்வெல் இதழ் எத்தனை பிரதி விற்றிருக்க முடியும்? கட்டளை அலுவலகத்திலிருந்து படைப்பறைக்கு வந்து சேர்வதற்குள் அதிலிருந்த கணக்கு உதிர்ந்துவிட்டது. வேற்றுநாட்டார் என்ற சொல் மட்டும் எஞ்சியது. அந்தச் சொல்லில் இரு இளைஞர்களும் தங்களுக்குப் பிடித்தவற்றையெல்லாம் கொட்டினார்கள். காக்ரம் தம் குறிப்பேடுகளில் முன்பே வரைந்து வைத்திருந்த உருவங்கள் பலவும் இதில் குடியேறின. நீலத் தோலும் கூரிய வாலுமாக நிற்கும் நைட்கிராலர், போட்டி நிறுவனமான டி.சி.யின் ‘லீஜன் ஆஃப் சூப்பர்-ஹீரோஸ்’ தொடருக்கு அவர் முன்வைத்து ஏற்கப்படாமல் போன உருவம். இடமற்றவர்களின் கதைக்குள் முதலில் வந்து சேர்ந்தது இடம் மறுக்கப்பட்ட ஓர் ஓவியம் என்பது தற்செயலே. ஆயினும் பொருத்தமான தற்செயல்.

கதை ஜெர்மனியில், விண்ட்செல்டோர்ஃப் என்னும் கற்பனைச் சிற்றூரில் தொடங்குகிறது. தீப்பந்தங்களோடு ஊரார் ஒருவனைத் துரத்துகிறார்கள். அவன் செய்த குற்றம் என்னவென்று கதை சொல்வதில்லை, தோற்றமே குற்றம். அடித்துக் கொல்லப்படும் தறுவாயில் சேவியர் தம் மனவலிமையால் கூட்டத்தை உறையச் செய்கிறார். கர்ட் வாக்னர் என்ற அந்த இளைஞன் அவரிடம் தன்னை இயல்பான மனிதனாக்க முடியுமா என்று கேட்கிறான். இப்போது நடந்ததைக் கண்ட பிறகும் இவர்களைப் போன்ற இயல்பானவனாக விரும்புகிறாயா என்று சேவியர் திருப்பிக் கேட்கிறார். அவன் சற்று யோசித்து, தான் முழுமையான கர்ட் வாக்னராக இருந்தால் போதும் என்ற பொருள்படச் சொல்கிறான். இந்த இதழில் இலக்கியத்தை நெருங்கும் இடம் ஒன்று உண்டு என்றால் அது இதுதான். பன்னிரண்டு ஆண்டுகளாகத் தொடரின் விதையாக மட்டும் கிடந்த கரு இந்த ஒரு பக்கத்தில் முளைவிட்டது.

அடுத்து வரும் பக்கங்கள் ஒரு பயணப் பட்டியல் போல விரைகின்றன. கியூபெக்கில் கனடிய ராணுவத்தாரிடமிருந்து வுல்வரின் விலகுகிறான். இவனை வெய்ன் முந்திய ஆண்டே ‘ஹல்க்’ தொடரில் அறிமுகப்படுத்தியிருந்தார். நாஷ்வில்லில் அயர்லாந்துக்காரன் பான்ஷீ, ஒசாகாவில் சன்ஃபயர். இருவரும் பழைய தொடரில் வந்துபோனவர்கள். கென்யாவில் ஸ்டார்ம் என்ற பெண் மழையை வரவழைக்க, மக்கள் அவளைத் தெய்வமாக வணங்குகிறார்கள். நீ தெய்வமல்லள், எங்களில் ஒருத்தி என்கிறார் சேவியர். கறுப்பினப் பெண் ஒருத்திக்கு முன்னணி வீரர் குழுவில் நிலையான இடம் கிடைத்தது அந்நாளில் சிறிய செய்தியன்று. ஆனால் அவளை அரைகுறை ஆடையில், வழிபடும் கூட்டத்தின் நடுவில் நிறுத்தியது பழைய ஆப்பிரிக்கச் சாகசக் கதைகளின் கண்தான். புதிய கண் இன்னும் திறக்கவில்லை. பைக்கால் ஏரியருகே ஒரு கூட்டுப்பண்ணையில் பியோத்தர் ரஸ்புதின் என்னும் இளைஞன் உடலை எஃகாக்கிக்கொண்டு தன் தங்கையை டிராக்டரிடமிருந்து காக்கிறான். தன் ஆற்றல் அரசுக்கு உரியதல்லவா என்று அவன் கேட்க, உலகத்துக்கு உரியது என்கிறார் சேவியர். அமெரிக்க, சோவியத் விண்கலங்கள் விண்வெளியில் இணைந்தது அதே ஆண்டு ஜூலையில். பனிப்போர்க்காலப் படக்கதையில் ஒரு சோவியத் உழவன் நல்லவனாக, பெற்றோரிடம் விடைபெற்று வருபவனாக வரக்கூடிய காலம் கனிந்திருந்தது. கடைசியாக அரிசோனாவின் அப்பாச்சி இளைஞன் ஜான் பிரவுட்ஸ்டார் என்னும் தண்டர்பேர்ட். அவனை மட்டும் சேவியர் நயந்து அழைக்கவில்லை. அவன் குலத்தைக் கோழைகள் என்று குத்திக்காட்டி, மானத்தைச் சீண்டி இழுத்து வருகிறார். சொந்த மண்ணில் அயலானவனை அழைக்கும் முறை இது.

எழுவரும் வெஸ்ட்செஸ்டர் மாளிகையில் கூடுகிறார்கள். இங்கே, எளிதில் தாண்டிப் போய்விடக்கூடிய ஒரு சிறு தகவல் இருக்கிறது. அதன்மேல்தான் நாம் சற்று நிற்க வேண்டும். வந்தவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள வேண்டுமே என்று சேவியர் தம் மனவலிமையால் அவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்துவிடுகிறார். வகுப்பில்லை, அகராதியில்லை, பிழையில்லை, கூச்சமில்லை. உள்ளத்திலிருந்து உள்ளத்துக்கு ஒரு நொடியில் மொழி இறங்கிவிடுகிறது. கதையாசிரியருக்கு இது ஓர் இடையூறு நீக்கும் உத்தி, அவ்வளவே. அடுத்த கட்டத்தில் எல்லோரும் சரளமாகச் சண்டை போடுகிறார்கள்.

விவிலியத்தின் முதல் ஆதியாகமத்தில் பாபேல் கோபுரக் கதை உண்டு. ஒரே மொழி பேசிய மனிதரின் மொழியைக் கடவுள் தாறுமாறாக்கி அவர்களைப் பூமியெங்கும் சிதறடித்தார் என்பது அக்கதை. இந்த இரண்டாம் ஆதியாகமத்தில் அது தலைகீழாக நடக்கிறது. சிதறிக் கிடந்தவர்கள் ஓரிடத்தில் சேர்க்கப்படுகிறார்கள், பல மொழி ஒரு மொழியாகிறது. அந்த ஒரு மொழி எதுவாக இருக்கும் என்பதில் யாருக்கும் ஐயம் எழவில்லை. சேவியர் தாம் ஜெர்மன் கற்றதாகவோ, எழுவரின் மொழிகளையும் எழுவருக்கும் கற்பித்ததாகவோ கதையை எழுதியிருக்க முடியும். மந்திரத்துக்கு எல்லாம் ஒன்றே. அப்படி எழுத வேண்டும் என்று தோன்றாததில்தான் அன்றைய அமெரிக்கா இருக்கிறது. 1965இன் குடியேற்றச் சட்டம் நாட்டுவாரி ஒதுக்கீட்டு முறையை நீக்கிய பின், ஆசியாவிலிருந்தும் லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் புதியவர்கள் பெருமளவில் வந்துகொண்டிருந்த பத்தாண்டு அது. நம் ஊர் மருத்துவர்களும் பொறியாளர்களும் அந்த வாசல் வழியே சென்றவர்களே. வாருங்கள், உங்கள் ஆற்றல் எங்களுக்குத் தேவை, மொழியை வாசலில் மாற்றிக்கொள்ளுங்கள் என்பதுதான் அவர்களுக்கும் சொல்லப்பட்ட செய்தி. அவர்களுக்கு அது ஒரு நொடியில் முடியவில்லை என்பது மட்டும் வேறுபாடு.

எதற்காக அழைத்தார்கள்? பழைய மாணவர்களை மீட்பதற்காக. தென்கடல் தீவு ஒன்றுக்குப் போன அவர்களில் சைக்ளாப்ஸ் மட்டுமே திரும்பியிருக்கிறான். புதியவர்கள் அவனோடு அங்கே போய்ப் பார்த்தால், தீவே ஒரு உயிர். அணுகுண்டுச் சோதனையால் உணர்வுபெற்ற கிராக்கோவா என்ற அந்தத் தீவு பழைய வீரர்களின் ஆற்றலை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. சைக்ளாப்ஸைத் தப்பவிட்டதே இன்னும் பலரை அழைத்து வரட்டும் என்றுதான். பழைய கதைகளைத் தின்று பிழைத்த பத்திரிகையின் உருவமாகவே நமக்கு அந்தத் தீவு தோன்றுகிறது. வெய்ன் அப்படி நினைத்திருக்க மாட்டார். இறுதியில் போலாரிஸ் தன் காந்த ஆற்றலால் தீவைப் பூமியின் பிடியிலிருந்தே அறுத்து விண்வெளிக்கு எறிகிறாள். இந்த முடிவுக்கான யோசனையைத் தந்தவர், அன்று அலுவலகத்தில் உதவியாளராக இருந்த கிறிஸ் கிளேர்மான்ட் என்ற 24 வயது இளைஞர். விமானத்தில் திரும்புகையில் பழையவர் அறுவரும் புதியவர் எழுவருமாகப் பதின்மூன்று பேர். இத்தனை பேரை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறோம் என்ற கேள்வியோடு கதை முடிகிறது.

கேள்விக்கு விடை விரைவில் கிடைத்தது. 1975 ஆகஸ்ட் தேதியிட்ட 94ஆம் இதழில் தொடர் புதிய கதைகளோடு மீண்டும் தொடங்கியபோது, சைக்ளாப்ஸ் தவிரப் பழையவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான். நன்னூலார் முறையில் சொன்னால் வழிநூல் என்பது முன்னோர் முடிபை ஏற்று, தான் வேண்டும் வேறுபாட்டையும் உரைப்பது. இங்கே வேறுபாடே நூலாகி, முதல்நூல் அதன் முன்னுரையாகச் சுருங்கியது. இன்று எக்ஸ்-மென் என்றால் உலகம் நினைப்பது வுல்வரினையும் ஸ்டார்மையும்தான், 1963இன் ஐவரை அல்ல.

ஆனால் எழுவரில் எல்லோருக்கும் அந்த வீட்டில் இடம் கிடைக்கவில்லை. சன்ஃபயர் உடனே வெளியேறினான். 95ஆம் இதழில், தப்பியோடும் பகைவனின் விமானத்தைப் பற்றிக்கொண்டு விடமறுத்த தண்டர்பேர்ட் அது வெடித்து இறந்தான். அவனுடைய வலிமை கொலாசஸிடமும் மூர்க்கம் வுல்வரினிடமும் இருந்தன, ஆகவே அவன் மிகையாகிவிட்டான் என்பது படைப்பாளர்கள் தந்த காரணம். கதைத்தொழிலின் கணக்கில் அது சரியே. இருந்தாலும் உலகெங்குமிருந்து வந்தவர்களைச் சேர்த்துக்கொண்ட வீடு, அந்த மண்ணின் பூர்வகுடியை மட்டும் மூன்றாவது இதழிலேயே புதைத்தது என்பதை வாசகன் மறப்பது கடினம். சாவு உண்மையிலேயே நேரக்கூடியது என்று தொடருக்கு ஒரு கனம் கிடைத்தது. அதன் விலையை யார் தந்தார் என்பதும் தெரிந்தே இருக்கிறது.

வேலைப்பளு மிகுந்த வெய்ன் ‘ஹல்க்’ தொடரை வைத்துக்கொண்டு இதைக் கிளேர்மான்டிடம் விட்டார். லண்டனில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்த அவர் 1991வரை, பதினாறு ஆண்டுகள் இதை எழுதினார். அந்நூல்வரிசையின் பெருமையைப் பேச இங்கு இடமில்லை. மொழியைப் பற்றி மட்டும் ஒன்று. ஒரு நொடியில் பறிபோன தாய்மொழிகளைக் கிளேர்மான்ட் துண்டுதுண்டாகத் திருப்பிக் கொடுக்க முயன்றார். கொலாசஸ் ‘தவாரிஷ்’ என்பான், நைட்கிராலர் ‘மைன் காட்’ என்பான். நோக்கம் நல்லது, விளைவு விசித்திரமானது. அயல்மொழி கற்பவர் முதலில் கற்பது ஐயா, நண்பா, கடவுளே போன்ற சொற்களைத்தான். சிக்கலான எண்ணங்களுக்கே தாய்மொழியிடம் ஓடுவார். இவர்களோ தத்துவத்தை ஆங்கிலத்தில் பொழிந்துவிட்டு, எவருக்கும் தெரிந்த எளிய சொற்களை மட்டும் ரஷ்யனிலும் ஜெர்மனிலும் சொல்கிறார்கள். தாய்மொழி சிந்திக்கும் கருவியாக இல்லாமல் நெற்றிப்பொட்டு போன்ற அடையாளமாகிறது. ஸ்டார்மின் விஷயத்தில் அவர் கூடுதல் வெற்றி பெற்றார். 1976இல் வந்த 102ஆம் இதழில் அவளுக்கு ஹார்லெமைச் சேர்ந்த தந்தை, கென்யத் தாய், கெய்ரோ இடிபாடுகளில் அநாதையான குழந்தைப் பருவம் என ஒரு வாழ்க்கையைக் கட்டினார். தெய்வச்சிலை மனுஷியானது அப்போதுதான்.

வந்தவர்களுக்கு வீட்டில் என்ன உரிமை என்ற கேள்வி கதைமாந்தரோடு நிற்பதுமில்லை. காக்ரம் டி.சி.யை விட்டு வந்ததே தாம் வரைந்த ஒரு மூல ஓவியத்தைத் திருப்பித் தர அவர்கள் மறுத்ததனால். மார்வெலில் அவர் உருவாக்கிய ஸ்டார்மும் நைட்கிராலரும் கொலாசஸும் அன்றைய தொழில் வழக்கப்படி நிறுவனத்தின் சொத்துகள். 2000த்தில் எக்ஸ்-மென் திரைப்படங்கள் தொடங்கி, உலகெங்கும் அரங்குகள் நிரம்பின. 2004இல் காக்ரம் நோயுற்று, முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் கிடந்தார். வியட்நாம் போர்க்காலத்தில் அவர் கடற்படையில் பணிபுரிந்தவர். சக ஓவியர்கள் தங்கள் படங்களை ஏலத்துக்குத் தந்து பணம் திரட்டினார்கள். நீல் ஆடம்ஸ் போன்றோர் பேசியதன் பேரில் மார்வெலும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. 2006 நவம்பர் 26 அன்று அவர் இறந்தபோது சூப்பர்மேன் படம் போட்ட இரவு உடையில் இருந்தார் என்று அவர் மனைவி தெரிவித்தார். தமக்கு ஓவியத்தைத் திருப்பித் தராத நிறுவனத்தின் வீரன் அவன். வாசகனாக வாழ்ந்து வாசகனாகவே போயிருக்கிறார்.

அவர் மறைந்த ஆண்டில் நிறைவுற்ற ஒரு தொடர் 1975இன் இதழைத் திரும்பத் திறந்து பார்த்தது. எட் புரூபேக்கர் எழுதிய ‘டெட்லி ஜெனிசிஸ்’ அது. புதிய எழுவரை அழைப்பதற்கு முன்பே சேவியர் வேறொரு இளைஞர் குழுவைக் கிராக்கோவாவுக்கு அனுப்பினார், அவர்கள் மாண்டார்கள் என்று நம்பி, அந்த நினைவைச் சைக்ளாப்ஸின் மனத்திலிருந்தே அழித்துவிட்டார் என்பது கதை. தொடரின் பழைய அன்பர்கள் பலர் இதை வெறுத்தார்கள். சேவியரின் அறத்தைக் கெடுத்துவிட்டதாகக் குறைகூறினார்கள். நமக்கு அது மூலத்துக்கு உண்மையான உரையாகவே படுகிறது. ஒரு நொடியில் ஒரு மொழியை ஒருவன் தலைக்குள் வைக்க முடிந்தவர் ஒரு நொடியில் ஒரு நினைவை எடுக்கவும் முடியும். இரண்டும் ஒரே கை செய்வதே. முதலாவதை அருள் என்று வாசித்தவர்கள் இரண்டாவதைக் கண்டு அதிர்ந்தார்கள்.

2019இல் ஜோனதன் ஹிக்மேன் தொடரை மீண்டும் ஒருமுறை புதிதாகத் தொடங்கினார். இம்முறை மையம் கிராக்கோவாவேதான். 1975இன் பூதத்தீவு, ஒடுக்கப்பட்ட அவ்வினத்தாரின் தனி நாடாகிறது. 2024இல் முடிவுற்ற அந்த நீண்ட கதையில் கிராக்கோவாவுக்கென்று தனி மொழியும் உண்டு. மொழிகளை உணரும் ஆற்றல் கொண்ட டக் ராம்சி என்னும் இளைஞன் அதை ஆக்குகிறான், தீவுக்கு வருவோர் மனத்தில் அது நேராகப் பதிக்கப்படுகிறது. 1975இன் அதே உத்தி, ஆனால் இப்போது வந்தவர்களுக்குக் கிடைப்பது விருந்தளித்தவரின் மொழியல்ல, தங்களுக்கேயான மொழி. இதழ்களின் பக்கங்களில் அம்மொழிக்கென டாம் முல்லர் வடிவமைத்த எழுத்துகள் அச்சாயின. கோணங்களும் வளைவுகளுமாக அழகிய எழுத்துகள். வாசகர்கள் ஆர்வத்தோடு அவற்றைப் படித்தறியத் தொடங்கினார்கள். அதிக நேரம் பிடிக்கவில்லை. ஒவ்வொரு குறிக்கும் ஓர் ஆங்கில எழுத்தை மாற்றி வைத்தால் போதும், அடியில் ஆங்கில வாக்கியங்களே இருந்தன.